ஹார்மோன் பேக்கேஜ், தைராய்டு மாத்திரை, கல்லுப்பு: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: மனைவிக்கு வயது 42. சோர்வு, முடி உதிர்வு, எடையும் கூடுகிறது. டாக்டர் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை மட்டும் எழுதிக் கொடுத்தார். லேபிலோ, "அது மட்டும் பார்த்தால் போதாது, தள்ளுபடி விலையில் முழு ஹார்மோன் பேக்கேஜ் இருக்கிறது" என்கிறார்கள். எடுக்கலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம். டாக்டர் எழுதியதை மட்டும் எடுங்கள்.

கழுத்தில் குரல்வளைக்குக் கீழே இருக்கும் தைராய்டு, தானாக அளவு பார்த்துச் சுரப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிதான் டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பி அதை வேலை வாங்குகிறது. மேல்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் நிறுத்தும் தானியங்கி சுவிட்ச் மாதிரி. தைராய்டு சுரக்கும் தைராக்சின் (டி4) ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் கோளாறு முதலில் டிஎஸ்எச்சில் தெரிகிறது. அது சரியில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் தனித்து உலவும் தைராக்சின். பெரும்பாலும் அதே ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். மாதிரியை எடுத்து வைப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிட்யூட்டரியிலேயே கோளாறு என்றால் டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் ஏமாற்றும். அந்தச் சந்தேகம் இருந்தால் டாக்டரே கூடுதலாக எழுதுவார்.

பேக்கேஜில் பெரிய குறை நேரம். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் காலை 8 மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், இரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். 11 மணிக்கு எடுத்த அளவை வைத்து என்ன சொல்ல முடியும்? சினைப்பை சார்ந்த ஹார்மோன்களான எஃப்எஸ்எச், ஈஸ்ட்ராடியால் இரண்டும் மாதவிலக்கின் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்து மாறும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் பதற்றத்தில்கூட ஏறும். எல்லாவற்றையும் ஒரே குத்தலில் எடுத்தால் பாதிக்கு அர்த்தமே இருக்காது. ஒன்றிரண்டு எண் எல்லைக்கு வெளியே வந்து, தேவையில்லாத ஸ்கேன் வரை கொண்டுபோய்விடும்.

இன்னொன்று முக்கியம். முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அதிக அளவு பயோட்டின் சில கருவிகளில் டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். அப்போது குறைந்த தைராய்டு மறைந்துபோகும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். டிஎஸ்எச்சுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. வாங்குவது வெறும் மாதிரி எடுக்கும் மையமா, ரத்தம் எந்த லேபுக்குப் போகிறது, அங்கே இந்தப் பரிசோதனைக்கு என்ஏபிஎல் (லேபுகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று கேட்டு, பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாததைச் சேர்த்துப் பணம் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். டிஎஸ்எச் சரியாகக் குறையவில்லை. போன தடவை மருந்துக் கடையில் வேறு கம்பெனி தந்தார்கள். அதுதான் காரணமா? (வாசகி, தக்கலை)

பதில்: அதுவும் காரணமாகலாம், ஆனால் நீங்கள் சோதித்ததே சீக்கிரம். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் பிடிக்கும். அளவு நிலைபெற்று பிட்யூட்டரி அதற்கு ஒத்துவர 6 முதல் 8 வாரம். அதற்குள் பார்த்த எண்ணை வைத்து டோஸைக் கூட்டினால் பிறகு படபடப்பு வரும்.

மைக்ரோகிராம் கணக்கில் நடக்கும் மருந்து இது. கம்பெனி மாறினால் உடல் எடுத்துக்கொள்ளும் அளவு கொஞ்சம் மாறலாம். ஒரே கம்பெனியைத் தொடருங்கள். மாறியே ஆக வேண்டுமென்றால் 6 வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலில் 50 என்றுதான் இருக்கிறதா, காலாவதி எப்போது, பேட்ச் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு மாத்திரை, சாயா 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. கர்ப்பிணிகள் இந்த இடைவெளியைக் கவனிக்காததுதான் அதிகம் நடக்கும் தவறு. சோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். மாத்திரை வெயில், ஈரம், சூடு மூன்றுக்கும் பயப்படும். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அடுப்படி அலமாரி ஆகவே ஆகாது. வாரப் பெட்டியில் கொட்டி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அதே பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். நிறம் மாறியதும் உதிர்வதும் வந்தால் பில்லோடு கடையில் திருப்புங்கள். மறுத்தால் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: சாமித்தோப்பு பக்கம் உப்பளத்துக் கல்லுப்புதான் வாங்குகிறோம். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) அடிக்கடி சாப்பிடுவோம். தைராய்டுக்குக் கெடுதலா? (வாசகர், மணக்குடி)

பதில்: கடல்நீரில் காய்ச்சிய உப்பாக இருந்தாலும் அயோடின் பெயரளவுக்குத்தான். தைராக்சினைச் செய்ய அயோடின் கட்டாயம்: பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. வீட்டுக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும், அதாவது ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். பையில் சிரிக்கும் சூரியன் சின்னத்தைப் பாருங்கள். இந்துப்பிலும் இதே குறைதான். அயோடின் உப்பை மூடிய பாத்திரத்தில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். குழம்பை இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது.

மரச்சீனியில் இருக்கும் சயனைடு சேர்மம் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை இழுப்பதைத் தடுக்கும். துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். அயோடின் போதுமான வீட்டில், கடல்மீன் குழம்போடு சாப்பிடுகிற மரச்சீனியைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு இன்சுலின். ஊசி தீர்ந்ததால் கடையில் ஆரஞ்சு மூடி போட்டது தந்தார்கள். பயன்படுத்தலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: குப்பியைப் பார்க்காமல் குத்தாதீர்கள். நம் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. 40 குப்பியில் ஆரஞ்சு ஊசியைப் போட்டு 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும். மாறி, 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் 20 கோட்டில் 50 யூனிட் போய்விடும். வியர்த்து, மயங்கி, உயிருக்கே ஆபத்து. பிரிக்காத ஊசியை இன்றே மாற்றி வாங்குங்கள்.