கேளுங்கள், சொல்கிறோம்: கால்சட்டைக் கோயில்

கேள்வி: கல்யாண வீடு ஒன்றுக்காக வடக்கன்குளம் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் ஊர்க் கோயிலைக் 'கால்சட்டைக் கோயில்' என்றார். கேலியா, நிஜமா? தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது இதே கோயிலில்தானா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கேலிதான், ஆனால் கட்டடத்தின் வரைபடமே அந்தக் கேலிக்கு இடம் கொடுத்துவிட்டது. 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயில் என்ற கத்தோலிக்கத் தேவாலயம் அது. வழக்கமாகக் கோயில் என்றால் ஒரே நீள மண்டபம், கடைசியில் பீடம், அவ்வளவுதானே? இங்கே இரண்டு மண்டபங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி விரிந்து நிற்கும், இடுப்பு வரவேண்டிய இடத்தில் பீடம். அன்று ஒரு காலில் வெள்ளாளர் சாதியார், இன்னொரு காலில் நாடார் சாதியார், நடுவில் சுவர். சாமியார் பூசை வைப்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தது, ஆனால் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைப் பார்க்க முடியவில்லை. சண்டை போடும் இரண்டு தரப்பையும் ஒரே பூசைக்கு உட்கார வைக்க இப்படி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டியவரின் மூளையை மெச்சுவதா, இதற்கா அந்த மூளை செலவானது என்று நொந்துகொள்வதா, எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

ஒரே கூரைக்குள் தனி இடம் கொடுத்தால் பூசல் அடங்கிவிடும் என்று நினைத்திருப்பார்கள் போல. அடங்கவில்லை. 1910-இல் கௌசானல் என்ற பிரெஞ்சு சேசுசபைச் சாமியார் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. சரி, அத்தோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை, எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது, எதிர்த்தரப்பில் திருச்சி ஆயர் பார்த். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், கிறிஸ்தவக் கோயிலுக்குள் தீட்டு என்று சொல்லித் தனி இடம் கேட்க உரிமை கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. ஊர் அதேதான், கோயில் இதில்லை. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, இங்கே பூத்தாரி என்ற சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது 1745-இல். 1752-இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. இந்தக் கால்சட்டைக் கோயில் எழும்பியபோது அவர் இறந்து 120 வருஷம் ஆகியிருந்தது.