போகார்டுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது

கேள்வி: எனக்கு வயது 38. கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடிக்கிறேன். சினிமாவில் கிடைப்பதெல்லாம் அடியாள் வேடம்தான். ஹாலிவுட் நடிகர் ஹம்ப்ரி போகார்டே நாற்பது தாண்டித்தான் நாயகன் ஆனார் என்கிறார் நண்பர். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா?

பதில்: நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

1899-இல் பிறந்த போகார்ட், 1920-களில் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பணக்கார வீட்டு இளைஞனாக நடித்துக்கொண்டிருந்தார். ஹாலிவுட் போனார். ஃபாக்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, பிறகு கழற்றிவிட்டது. மறுபடி நாடகம். 1935-இல் ‘தி பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்’ நாடகத்தில் தப்பியோடும் கொலைகாரனாக வந்து பெயர் வாங்கினார். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ அதைப் படமாக்கியபோது அந்த வேடத்தை நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்குத் தரப் பார்த்தது. நாடகத்தின் நாயகன் லெஸ்லி ஹோவர்ட், போகார்ட் இல்லையென்றால் நானும் இல்லை என்று தந்தி அடித்துவிட்டார். வேடம் போகார்டுக்கே வந்தது. 1952-இல் மகள் பிறந்தபோது அவளுக்கு லெஸ்லி என்றே பெயர் வைத்தார். இந்த நன்றிக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

சரி, அதோடு விடிந்ததா? இல்லை. அடுத்த சில வருடங்கள் பெரும்பாலும் ரவுடி வேடம். ‘ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்’, ‘தி ரோரிங் ட்வென்டீஸ்’ இரண்டு படங்களிலும் நாயகன் ஜேம்ஸ் காக்னி கையால் சாவு. 1939-இல் ஒரு பேய்ப் படத்தில் வெளிறிய முகமும் தலைமுடியில் ஒரு வெள்ளைக் கீற்றுமாக நிற்க வைத்தார்கள். அந்தப் படம் அவருக்கே பிடிக்கவில்லை. 1941-இல் அவரை உயர்த்திய ‘ஹை சியரா’, ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ இரண்டுமே நடிகர் ஜார்ஜ் ராஃப்ட் வேண்டாம் என்று தள்ளியவை. முதல் படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்த ஜான் ஹ்யூஸ்டன்தான் இரண்டாவதை இயக்கினார். பிற்பாடு போகார்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ‘தி ஆப்பிரிக்கன் குயீன்’ படமும் ஹ்யூஸ்டன் இயக்கியதுதான்.

நண்பர் விட்டுவிட்டது இதைத்தான்: ரவுடி வேடம் போட்ட அத்தனை வருடமும் போகார்ட் வார்னர் ஸ்டுடியோவின் ஒப்பந்தத்தில் இருந்தார். பிடிக்காத வேடம் போட்டாலும் சம்பளம் வந்தது. உங்களுக்கு அந்தச் சம்பளத்தைத் தருவது இப்போதைய வேலைதான். அதை விடாதீர்கள். நாடகத்தையும் விடாதீர்கள். கூட நடித்தவர்கள், உதவி இயக்குநர்கள் எல்லோரிடமும் தொடர்பில் இருங்கள். ஹோவர்டும் ஹ்யூஸ்டனும் போகார்டுக்குக் கிடைத்தது சேர்ந்து வேலை செய்த இடத்தில்தான். பேர் சொல்லும்படி ஒரு வேடம் உறுதியாகி, அட்வான்ஸும் கைக்கு வந்த பிறகு, அலுவலகத்தில் முதலில் நீண்ட விடுப்புக் கேட்டுப் பாருங்கள். ராஜினாமாவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.