மழை வந்ததும் மக்கர் செய்யும் புல்வெட்டி மெஷின்: பழுதா, பழைய பெட்ரோலா?

குமரி மாவட்டம் அருமனை பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்), பாதி சரிவு. 52 சிசி டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி மெஷின் வைத்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் தீ பிடிக்கக்கூடாதென்று ஜனவரியில் களைக்காடு வெட்டி, மெஷினை ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் வைத்தேன். ஜூன் மழைக்கு மீண்டும் காடு முழங்கால் உயரம். இப்போது மெஷின் சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ரேஸ் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. பிளக் மாற்றியும் சரியாகவில்லை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். செலவு செய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா? வாங்கினால் எது?"

மெஷினை இப்போதைக்குத் தள்ளிவிடாதீர்கள். சோக் போட்டால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சோக் என்பது காற்றை அடைத்து, கூடுதல் பெட்ரோலை உறிஞ்ச வைப்பது. அப்படி வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால், இன்ஜினுக்குப் போதிய பெட்ரோல் போய்ச் சேரவில்லை. பிளக்கில் பொறி வருகிறது, அது குற்றவாளி அல்ல.

ஜனவரியில் வைக்கும்போது டேங்கில் பெட்ரோல் மிச்சமிருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை என்று இரண்டையும் வாங்கும் நம் மாவட்டத்தில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் 2டி ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். உறிஞ்சு குழாயின் முனை கிடப்பதோ அடியில். அதாவது ஆயிலே இல்லாத திரவம் இன்ஜினுக்குள் போகும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு வேறு மசகு கிடையாது, இரண்டு நிமிடம் முழு ரேஸில் ஓடினாலே சிலிண்டர் கீறிவிடலாம். அதனால் முதல் வேலை, கயிறு இழுப்பதை நிறுத்துங்கள். டேங்கை முழுவதும் காலி செய்யுங்கள். அந்தப் பெட்ரோலை மண்ணில் கொட்ட வேண்டாம், பாகம் கழுவ வைத்துக்கொள்வார் உங்கள் மெக்கானிக்.

அடுத்து டேங்க் மூடியைக் கழற்றி, வளைத்த கம்பியால் உள்ளிருக்கும் குழாயை வெளியே இழுங்கள். அதன் நுனியில் விரல் நுனி அளவு ஃபில்டர் இருக்கும். வெள்ளையாக இருந்தது பழுப்பேறி, வாயில் வைத்து ஊதினால் காற்றே போகாமல் இருந்தால், மாற்றிவிடுங்கள், மிக மலிவானது. குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அது பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அடியிலுள்ள ரப்பர் குமிழை அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் எழும்பாமல் அப்படியே நின்றால், ஃபில்டரிலோ குழாயிலோ அடைப்பு. எழும்புகிறது, ஆனால் எத்தனை முறை அழுத்தினாலும் நுரையே வருகிறது என்றால், எங்கோ ஓட்டை. டேங்க் மூடியில் ஒரு காற்றுத் துளை உண்டு, அது மண் அடைத்தாலும் இதே கோளாறுதான். மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து, புதிய கலவை ஊற்றியும் அணைந்தால், கார்புரேட்டர்தான். உள்ளே டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கும், தொட்டால் துணி போலத் தொய்ய வேண்டும். எத்தனாலில் ஊறிக் காய்ந்தது விறைத்துப் போய், அசைத்தால் படபடவென்று ஒலிக்கும். பெட்ரோல் ஆவியாகி விட்டுச்சென்ற பிசினும் நுண்ணிய துளைகளை அடைத்திருக்கும். நல்ல பிராண்டு மெஷின் என்றால் டயாபிரம் செட் மட்டும் வாங்கி, ஸ்ப்ரே போட்டுக் கழுவிக்கொள்ளலாம். உங்களுடையது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் மலிவு ரகமானால், கழுவும் கூலிக்கும் புதுக் கார்புரேட்டர் விலைக்கும் பெரிய வித்தியாசம் இராது, மெக்கானிக் சொன்னதைக் கேட்கலாம். ஃபில்டரைப் பார்த்த பிறகு மாற்றச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பக்கவாட்டிலுள்ள திருகுகளை மட்டும் நீங்களாகத் திருகாதீர்கள். பெட்ரோலைத் தவறாகக் குறைத்துவிட்டால் பிஸ்டன் போகும்.

சைலன்சரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்ன வலை கரியால் அடைத்திருந்தால் மெஷின் ஸ்டார்ட் ஆகும், வேகமெடுக்காது. கழற்றிய துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கச்சுவர் தெரியும். அது வழுவழுப்பாக இருந்தால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் தெரிந்தால், அல்லது கயிறு இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் சுலபமாக வந்தால், அந்த இன்ஜினில் பணம் போட வேண்டாம். பழுது பார்ப்பதா, வாங்குவதா என்பதை முடிவு செய்ய இதைவிட நம்பகமான சோதனை வீட்டில் கிடையாது.

கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி 2டி ஆயில். உங்கள் மெஷினுக்கு எது என்பது அதன் கையேட்டில் இருக்கும். கண்ணளவு வேண்டாம். தனிக் கேனில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள், அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும். வண்டியில் இருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுகிற பழக்கம் சில விளைகளில் இருக்கிறது, அது மெஷினுக்கு விஷம்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால், உங்களுக்கு 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் நல்லது என்பேன். விளையில் மெஷின் ஓட்டுவது பெரும்பாலும் கூலிக்கு வரும் ஆள். அவர் ஒருநாள் மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றினால் டூ ஸ்ட்ரோக் அன்றோடு போச்சு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனி இடம், அந்தப் பயமில்லை, பெட்ரோலும் குறைவு, புகையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு நாளும் ஆயில் அளவு பார்க்க வேண்டும். உள்ளே பிடிப்பதே சுமார் 100 மில்லிதான், கொஞ்சம் குறைந்தாலும் பெரிய குறைவு. சரிவில், தட்டுகளில் ஏறி இறங்க முதுகில் மாட்டும் ரகம் வசதி என்பார்கள். கால் வழுக்கினால் அதைச் சட்டென்று கழற்ற முடியாது, ஆகவே எனக்குப் பக்கவாட்டில் தொங்கும் ரகமே விருப்பம். பாட்டரி மெஷின் வீட்டு முற்றத்துக்குப் போதும், ஒன்றரை ஏக்கருக்குப் போதாது. எதை வாங்கினாலும் மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ அதன் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ரப்பர் விளையில் வெட்டும்போது தனிக்கவனம் வேண்டும். பால் வடியும் சிரட்டையை மரத்தில் கட்டிய பழைய கம்பி புல்லுக்குள் கிடக்கும். பிளேடில் பட்டால் தோட்டாவாகப் பறக்கும். மரத்திலிருந்து உரிந்து விழுந்த மழைக்காப்பு பிளாஸ்டிக் தண்டில் சுற்றிக்கொள்ளும். இரண்டையும் பொறுக்கிவிட்டு, கடந்தல் (குளவி) கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மெஷினைத் தொடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் பிளேடுக்கு மறைப்பும் (கார்டு) இல்லாமல் ஓட்டக்கூடாது, 15 மீட்டருக்குள் ஆள் நிற்கக்கூடாது. கன்றுகளுக்குப் பக்கத்தில் பிளேடும் நைலான் நரம்பும் வேண்டாம். நரம்பு பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் கன்று பட்டுப்போகும், அங்கே கைவெட்டுதான். பிளேடு நட் பெரும்பாலான மெஷின்களில் இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தலைப்பகுதி கியருக்கு 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் வையுங்கள்.

அடுத்த ஜனவரியில் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி அரை ஸ்பூன் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து மூடிவையுங்கள். புகைப்புரையில் வேண்டாம், புகையும் ஈரமும் படாத இடம் பாருங்கள்.

வாங்குவதாக இருந்தால், கடைக்குப் போகுமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் பட்டியலில் இது புதர் அகற்றும் கருவி என்ற பெயரில் வரும். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை, ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கும் மேல், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம், உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியிலும் பதியலாம். அனுமதி கிடைத்த பிறகுதான் வாங்க வேண்டும், முன்பே வாங்கிய பில்லுக்குப் பணம் வராது.