ஃபிரிட்ஜ் வாடை எங்கே ஒளிந்திருக்கிறது? கேள்வி பதில்

அக்கா, மாதம் தவறாமல் தட்டுகளை எல்லாம் எடுத்துக் கழுவுகிறேன். ஆனாலும் கதவைத் திறந்தால் புளித்த வாடை. ஏன்?

வாடை தட்டில் இருந்தால்தானே போகும்! அது தண்ணீர் ஓடும் வழியில் இருக்கும். பெரும்பாலான ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுகளில் உள்ளே பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஐஸ் உருகும் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரஸர் பக்கம் இருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். பொங்கி வழிந்த தோசை மாவும் அதே வழியில்தான் போகும். ஆனால் மாவு ஆவியாகாதே! உள்ளேயே தங்கிப் புளிக்கும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்த ஓட்டையில் மெதுவாகப் பீய்ச்சுங்கள். அப்புறம் பின்தட்டு கழற்றும்படி இருந்தால் கழுவுங்கள், இல்லையென்றால் துணியால் ஒற்றி எடுங்கள். கழற்றிப் பார்த்தால் அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று இருக்கும், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது ஃப்ரீசரில் ஐஸ் கட்டாத வகை என்றால் ஓட்டை பெரும்பாலும் ஃப்ரீசர் பலகைக்குப் பின்னால் இருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஆப்பசோடாவில் வினிகர் ஊற்றினால் நன்றாக நுரைக்கிறதே, அதை வைத்துத் துடைக்கலாமா?

நுரை பார்க்க அழகுதான். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரை அடங்கியதும் கையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்: உள்சுவருக்கும் தட்டுக்கும் சோடாத் தண்ணீர், கதவு ரப்பருக்கு வினிகர்.

ரப்பர் மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை. பிளீச்சிங் பவுடர் போடலாமா அக்கா?

வேண்டாம். அதுவும் வினிகர் தொட்ட இடத்தில் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் மடிப்புக்குள் தேயுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றிவிடுங்கள், ஈரம் நின்றால் திரும்ப வரும். கையோடு ஒரு சோதனை: பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. எவ்வளவு துடைத்தாலும் வேர்க்கும், மாற்றிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வைத்தது, புதன் வரை மணக்கிறது. அரை எலுமிச்சை வைத்தும் பயனில்லை.

எலுமிச்சை சரிதான், வைத்த விதம்தான் தப்பு. மீன் வாடை கார குணமுள்ளது, அமிலம் நேராகப் பட்டால்தான் அடங்கும். சாற்றைத் தண்ணீரில் கலந்து, மீன் இருந்த தட்டையும் சுவரையும் துடையுங்கள். இங்கே சோடாவைவிட எலுமிச்சையே மேல். காப்பித்தூள் கிண்ணம் வைத்தால் வாடையின் மேல் காப்பி மணக்கும், அவ்வளவுதான்.

ஃப்ரீசரில் ஐஸ் பாறையாகிவிட்டது. கத்தியால் குத்தினால் சீக்கிரம் ஆகுமே, அம்மா?

ஐயா, கத்தியை எடுக்காதீர்கள்! ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் கேஸ் ஓடும் பாதை அந்த ஃப்ரீசர் தகட்டிலேயே இருக்கும். ஓட்டை விழுந்தால் பெரிய செலவு. இப்போது வரும் பலவற்றில் ஆர்600ஏ, தீப்பிடிக்கக்கூடிய வாயு. சுவிட்சை அணைத்து, உள்ளே கிண்ணத்தில் வெந்நீர் வைத்து, கதவைத் திறந்துவிடுங்கள். தானாகப் பெயர்ந்து விழும்.

வெள்ளை டப்பாவில் சாம்பார் மஞ்சள் கறை?

கழுவி மதிய வெயிலில் வையுங்கள். மஞ்சள் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. கண்ணாடித் தட்டை மட்டும் குளிரோடு எடுத்து வெந்நீரில் போடாதீர்கள், விரிசல் விடும்.

இதெல்லாம் எதற்கு, பாத்திரம் கழுவும் லிக்விட் போதாதா?

தட்டுக்குத் தாராளமாகப் போதும். உள்சுவரில் போட்டால் நுரையை நன்றாகத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் தயிர் லிக்விட் மணக்கும்.