கேளுங்கள், சொல்கிறேன்: அரசவை வயலின்காரர் லூயி ஷ்போர்

ஜெர்மன் வயலின்காரரும் இசையமைப்பாளருமான லூயி ஷ்போர் (1784–1859) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. முதலிலேயே ஓர் எச்சரிக்கை. இவரைப் பற்றிய கதைகளில் பாதி, அறுபது வயதுக்கு மேல் அவரே எழுதிய சுயசரிதையில் இருப்பவை. நன்றாகக் கதை சொல்பவர். அதனாலேயே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

அரசவை வயலின்காரர் என்றால் ராஜ மரியாதையாக இருந்திருக்குமே?

சம்பளம் வாங்கும் வேலைக்காரர், அவ்வளவுதான். பதினைந்து வயதில் ஹாம்பர்க் போய், கச்சேரி கிடைக்காமல், காசும் தீர்ந்து, நடந்தே சொந்த ஊரான பிரவுன்ஷ்வைக்குத் திரும்பினார். ஊரை ஆண்ட கோமகனிடம் ஒரு மனுவை நேரில் கொடுத்துத்தான் 1799-ல் அவை வாத்தியக்குழுவில் சேர்ந்தார்.

வேலை எப்படி? கோமகனின் மனைவி சீட்டாடிக்கொண்டிருப்பார். ஆட்டத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று வாத்தியக்குழுவின் காலடியில் தடித்த கம்பளம் விரித்து, ஓசை எழாமல் வாசிக்கச் சொல்வார்கள். ஒருநாள் பையன் தன்னை மறந்து ஓங்கி வாசித்துவிட்டான். சேவகன் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்து, 'இவ்வளவு சத்தமாகத் தேய்க்காதே என்கிறார் அம்மணி' என்றானாம். ஷ்போர் இன்னும் ஓங்கி வாசித்தார்.

இந்தச் சீட்டுக்கட்டை அவர் மறக்கவே இல்லை. 1807-ல் ஸ்டுட்கார்ட் அரண்மனையில் வாசிக்கக் கூப்பிட்டபோது, 'நானும் என் மனைவியும் வாசிக்கும்போது மன்னர் சீட்டாட்டத்தை நிறுத்தினால்தான் வாசிப்பேன்' என்றார். கேட்ட அதிகாரி அரண்டுபோனார். மன்னர் ஒப்புக்கொண்டார்! இவர்கள் வாசித்து முடித்ததும் மேசைகளில் மறுபடி சீட்டு விழுந்தது, அது வேறு விஷயம்.

பாகனினி பெரியவரா, ஷ்போர் பெரியவரா?

இத்தாலிய வயலின் வித்தகர் பாகனினியும் இவரும் 1816-ல் வெனிஸில் சந்தித்தார்கள். 1830-ல் ஜெர்மனியின் காஸல் நகரில் பாகனினியின் வாசிப்பைக் கேட்ட ஷ்போர், அதில் மேதைமையும் சிறுபிள்ளைத்தனமும் கலந்திருப்பதாக எழுதினார். ஷ்போருக்கு வயலின் பாட வேண்டும், வித்தை காட்டக்கூடாது. 1816-ல் மிலானுக்காக எழுதிய எட்டாவது கான்செர்ட்டோவையே (தனி வயலினும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஓபரா என்ற இசை நாடகத்தில் பாடகர் பாடும் காட்சி மாதிரி அமைத்தவர் அவர்.

மனைவியும் வாசிப்பாரா?

டோரெட் ஷைட்லர் அருமையான ஹார்ப் (யாழ் போன்ற பெரிய கம்பி வாத்தியம்) கலைஞர். 1806-ல் கோதா நகரில் திருமணம். இருவரும் சேர்ந்து வாசிக்க எழுதிய பாடங்களில் ஒரு தந்திரம் உண்டு. ஹார்ப்பை அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்துவிட்டு, டோரெட்டின் பகுதியை அரைச்சுரம் மேலே எழுதினார் ஷ்போர். ஹார்ப் கம்பிகள் அடிக்கடி அறுவதும் குறைந்தது, வயலினுக்கும் கணீரென்று ஒலிக்கும் சுருதி கிடைத்தது. பின்னாளில் உடல்நிலை இடம்கொடுக்காமல் டோரெட் ஹார்ப்பை விட்டார், 1834-ல் இறந்தார்.

சின் ரெஸ்ட் (வயலினில் தாடையை வைக்கும் தாங்கி) இவர் கண்டுபிடித்ததா? கர்நாடக வயலினுக்கு அது ஏன் தேவைப்படுவதில்லை?

ஆமாம், 1820 வாக்கில். இன்றுபோல இடப்பக்கம் இல்லை, நடுவில் கம்பிகளைக் கட்டும் பலகைக்கு மேலே வைத்தார். இரண்டாவது கேள்விக்கு: நம்மவர்கள் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிவிடுகிறார்கள். தாடைக்கு அங்கே என்ன வேலை?

இவர் எழுதிய ஃபாவுஸ்ட் ஓபரா, கவிஞர் கதேயின் நாடகம்தானே?

இல்லை.

பேட்டனை (தாளம் காட்டும் சிறு கோலை) வைத்து இசைக்குழுவை நடத்திய முதல் ஆள் இவர்தானே? 1820, லண்டன்?

இது வரும் என்று தெரியும். அன்றைய லண்டனில் ஒருவர் பியானோவில் உட்கார்ந்திருப்பார், முதல் வயலின்காரர் தாளம் காட்டுவார். தான் பையிலிருந்து கோலை எடுத்ததும் நிர்வாகிகள் பதறியதாகவும், கச்சேரியும் அப்படியே வெற்றியாக நடந்ததாகவும் ஷ்போர் எழுதுகிறார். ஆனால் அன்றைய பத்திரிகைகளில் கோல் பேச்சே இல்லை. ஒத்திகையில் மட்டும் எடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அவரே எழுதியதை நம்பாமல் பத்திரிகையை நம்புவதா?

சம்பவத்துக்குப் பல ஆண்டு கழித்து எழுதியதைவிட மறுநாள் அச்சானதை நம்புகிறேன். கோல் பிடிக்கத் தெரியாதவர் என்று சொல்லவில்லையே. 1810-லேயே ஃபிராங்கென்ஹௌசன் விழாவில் காகிதச் சுருளை வைத்து நடத்தியவர்.

அப்போது 1810-லேயே முதல் ஆள் ஆகிவிட்டாரே!

ஐயா, 'முதல் ஆள்' என்ற சொல்லை விடுங்கள். டிரெஸ்டனில் இசையமைப்பாளர் வெபர் இருக்கிறார், இன்னும் பலர் இருக்கிறார்கள். ஒரே ஆள் ஒரே நாளில் தொடங்கிவைத்த வழக்கம் இல்லை இது. இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில்.

நெப்போலியனைப் பார்த்தாராமே?

1808, எர்ஃபுர்ட். நெப்போலியனும் மன்னர்களும் கூடியிருந்த நாடக அரங்கில் டிக்கெட் கிடைக்கவில்லை. வாத்தியக்காரர்கள் இடத்தில் ஷ்போரும் மாணவர்களும் நுழைந்தார்கள். கொம்பு ஊதுபவர் இடம் நிரம்ப வேண்டியிருந்ததால், ஒரே நாளில் உதடு வீங்க வீங்கக் கொம்பு ஊதக் கற்றார். வாசிப்பவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தடை வேறு. சட்டைப்பையில் கொண்டுபோன கண்ணாடியில் பேரரசரைப் பார்த்தார். இதுவும் சுயசரிதைக் கதைதான், நினைவிருக்கட்டும்.

பீத்தோவனைப் பிடிக்காதாமே?

பழகியவர், மதித்தவர். ஒன்பதாவது சிம்பொனியின் முடிவு ரசனைக்குறைவு என்று எழுதினார். 1845-ல் பான் நகரில் பீத்தோவன் சிலை திறப்பு விழாவில் அதே சிம்பொனியை நடத்தியதும் அவர்தான்.

பாகனினி பிசாசுக்கு ஆத்மாவை விற்றது...

தவறான ஆளிடம் கேட்கிறீர்கள். மேலே பார்க்கவும்.

கடைசி வரை வாசித்தாரா?

1822 முதல் காஸல் அரசவையில் இசைத் தலைவர். 1857-ல் அவருக்கு விருப்பமில்லாமலே ஓய்வு கொடுத்தார்கள். அதே ஆண்டு இடக்கை முறிந்தது. வயலின் அத்துடன் நின்றது.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

1813-ல் வியன்னாவில் எழுதிய நானெட், ஒன்பது வாத்தியங்களுக்கு. இதை எழுதவைத்த யோஹான் டோஸ்ட் என்ற வியாபாரி, ஷ்போரின் புதுப் படைப்புகளை மூன்று ஆண்டு தன் கையில் வைத்துக்கொள்ள விலை பேசினார். நால்வருக்கு எழுதினால் 30 டுகாட் (அன்றைய பொற்காசு), ஐவருக்கு 35, வாத்தியம் கூடக் கூட விலையும் கூடும். யார் வீட்டில் வாசித்தாலும் கையெழுத்துப் பிரதியைத் தானே சுமந்துகொண்டு வருவார் டோஸ்ட். இசைக்காக மட்டும் இல்லை. பெரிய வீடுகளுக்குள் நுழைந்து வியாபாரத் தொடர்பு பிடிக்க வேண்டுமே.