சின்னக் கேமராக்காரர்களின் சந்தேகங்கள்: கேள்வி-பதில்

இம்முறையும் பாதிக் கடிதங்களில் கேமராவின் மாடல் எண் இல்லை. முன்பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ அச்சிட்டிருப்பார்கள். பார்த்து எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அது இல்லாமல் நான் சொல்வது பாதி ஊகமாகத்தான் இருக்கும்.

கே: வெயிலில் படம் பளிச்சென்று வருகிறது. வீட்டுக்குள் எடுத்தால் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருக்கிறது. கேமரா கெட்டுவிட்டதா?

ப: கெடவில்லை. உங்கள் கேமராவில் இருப்பது 1/2.3 அங்குல சென்சார், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. சுமார் 6 மி.மீ. அகலம், நாலரை மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் ஆட்டோ மோடு ஷட்டர் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் கலங்கல். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனை, 1600 வரை ஏற்றுகிறது, அதனால் புள்ளிகள். ஐஎஸ்ஓவை 400-க்கு மேல் போகவிடாதீர்கள். அசையாத பொருள் என்றால் கேமராவை மேசையில் வைத்து 2 விநாடி டைமரில் எடுங்கள். குழந்தை என்றால் ஜன்னல் பக்கம் அழைத்து வாருங்கள். நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், குழந்தை ஓடுவதை அல்ல.

கே: இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். வீட்டில் பயப்படுகிறார்கள்.

ப: காற்றில் மிதக்கும் தூசி. ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் லென்ஸுக்கு முன்னால் பறக்கும் தூசி ஒளிபட்டு, ஃபோகஸ் இல்லாமல் வட்டமாகத் தெரிகிறது. மழைத்தூறலிலும் இப்படி வரும். பயப்பட ஒன்றுமில்லை.

கே: பட்டனை அழுத்திய பிறகு தாமதமாகத்தான் படம் விழுகிறது. குழந்தையின் சிரிப்பு போய்விடுகிறது.

ப: பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பச்சைக் கட்டம் வந்ததும் அப்படியே பிடித்திருங்கள். சிரிக்கும்போது மீதியை அழுத்துங்கள். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே நினைவில்லை.

கே: குறைந்த விலையில் 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம் கொண்ட சின்னக் கேமரா கிடைக்கிறது. பிரபல நிறுவனங்களின் கேமராவில்கூட 20 மெகாபிக்சல்தானே? வாங்கலாமா?

ப: வேண்டாம். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த எண்களை நம்பி ஏமாறுபவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. என் அண்ணன் மகள் தன் சேமிப்பில் இப்படி ஒன்றை வாங்கினாள். ஒரு கல்யாணத்தில் நாள் முழுக்க எடுத்தாள். கணினியில் திறந்தால் ஒவ்வொரு முகமும் மெழுகு பூசியதுபோல இருந்தது. அந்த நாள் திரும்பி வராது.

மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு. இந்த வகைக் கேமராக்களில் சென்சாரின் உண்மையான மெகாபிக்சல் பெட்டியில் போட்டிருப்பதைவிட மிகவும் குறைவு. மிச்சத்தை மென்பொருள் இட்டு நிரப்புகிறது, அதாவது இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே தானாகவே புள்ளிகளைச் செருகிப் படத்தைப் பெரிதாக்குகிறது. ஃபைல் அளவு கூடும், விவரம் ஒரு மயிரிழைகூடக் கூடாது. சந்தேகம் இருந்தால் நல்ல பகல் வெளிச்சத்தில் ஒரு செய்தித்தாள் பக்கத்தை 48-இலும் 12-இலும் எடுத்து, பொடி எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் படிக்க முடிகிறதென்றால் அந்த 48-ஆல் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

ஜூம் கதை இன்னும் மோசம். லென்ஸ் வெளியே வராமல், உள்ளேயும் எதுவும் நகராமல் நடக்கும் ஜூம், படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். 16 மடங்கு என்றால் நீளத்தில் 16, உயரத்தில் 16. மொத்தப் படத்தில் 256-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த 48 மெகாபிக்சல் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் கடைசியில் உங்கள் கையில் இருப்பது 0.2 மெகாபிக்சலுக்கும் குறைவு. உண்மையான ஜூம் லென்ஸின் வளையத்தில் குவியத் தூரம் 4.3-21.5 மி.மீ. என்பதுபோல இரண்டு எண்களில் இருக்கும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 5 மடங்கு. ஒரே ஒரு எண்தான் இருக்கிறதென்றால் அது ஜூம் லென்ஸே இல்லை.

இவ்வளவு மெகாபிக்சல் யாருக்குத் தேவை? 6-க்கு 4 அங்குலப் பிரின்ட் தெளிவாக வர 2 மெகாபிக்சல் போதும். ஏ4 அளவுக்கு 9 இருந்தால் தாராளம். அதே பணத்துக்கு நல்ல நிலையில் இருக்கும் பழைய 12 மெகாபிக்சல் கேமராவைத் தேடி வாங்குங்கள். பெட்டியின் எண்ணைப் பார்க்காதீர்கள், சென்சார் அளவைக் கேளுங்கள். 1 அங்குல சென்சார் கிடைத்தால் விடாதீர்கள், முன்பு சொன்ன 1/2.3 அங்குல சென்சாரைப்போல நான்கு மடங்கு பரப்பு அதற்கு.

கே: பழைய கேமரா ஒன்று கைக்கு வந்தது. 64 ஜிபி கார்டைப் போட்டால் ஏற்க மறுக்கிறது.

ப: ஏற்காது. 2006-க்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்டி கார்டைத்தான் படிக்கும். அதன்பின் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை. உங்களுடையது எஸ்டிஎக்ஸ்சி, 2009-இல் வந்த வகை. சின்ன கார்டு வாங்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். பழைய கேமரா தேடும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: எக்ஸ்டி கார்டு கேட்கும் கேமராக்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கார்டைத் தயாரிப்பது எப்போதோ நின்றுவிட்டது.

கே: என் கேமரா ஆன் ஆகவில்லை. உடனே பதில் தேவை.

ப: எந்தக் கேமரா? என்ன பேட்டரி? கீழே விழுந்ததா? எதுவுமே எழுதவில்லை. ஏஏ செல் போடும் வகை என்றால் சாதாரண செல்லை எடுத்துவிட்டு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லைப் போட்டுப் பாருங்கள். லென்ஸ் மோட்டாரும் ஃபிளாஷும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தைச் சாதாரண செல்லால் தாக்குப்பிடிக்க முடியாது. வேறு வகை என்றால் மாடல் எண்ணோடு மறுபடி எழுதுங்கள்.

கே: கடற்கரைக்குப் போய் வந்ததிலிருந்து லென்ஸ் பாதியில் நிற்கிறது, "லென்ஸ் எரர்" என்கிறது.

ப: மணல். திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், பற்சக்கரம் தேய்ந்துவிடும். கையால் அழுத்தவும் வேண்டாம். கேமராவைக் குப்புறப் பிடித்து, ரப்பர் ஊதுகுழாயால் லென்ஸ் குழலைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். சரியாகாவிட்டால், பழுதுபார்க்கும் செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். விலை குறைந்த கேமராவுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

கே: தவறுதலாக கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன்.

ப: கார்டை வெளியே எடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, மீட்பு மென்பொருளால் பெரும்பாலான படங்களைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.

கே: ஆறு மாதம் கேமராவைத் தொடமாட்டேன். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்கலாமா?

ப: பாதி சார்ஜில் கழற்றித் தனியாக, சூடில்லாத இடத்தில் வையுங்கள். கேமராவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. மறுபடி எடுக்கும்போது தேதி அழிந்திருக்கும். முதல் படத்துக்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.