சக்கரம் மின்சாரத்தைப் பெருக்குமா?

கேள்வி: ஒரு குதிரைத்திறன் மோட்டார், அதனுடன் பெல்ட்டால் இணைக்கப்பட்ட கனமான இரும்புச் சக்கரம், சக்கரம் சுழற்றும் ஆல்டர்னேட்டர் ஆகிய மூன்றும் சேர்ந்த எந்திரம் ஒன்றை எங்கள் ஊரில் ஒருவர் ஓட்டிக் காட்டினார். முதலில் மட்டும் வீட்டு மின்சாரத்தில் கிளப்பிவிட்டால் போதும், அதன்பின் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமே மோட்டாரையும் ஓட்டி, வீட்டு விளக்குகளையும் எரிய வைக்கும் என்கிறார். விலை ஒன்றரை லட்சம். என் மைத்துனர் முன்பணம் கொடுக்க இருக்கிறார். இது நடக்குமா? (வாசகர், கரூர்)

பதில்: நடக்காது. முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று இன்றே உங்கள் மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.

மோட்டார் 1000 வாட் மின்சாரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவிலான சிங்கிள் பேஸ் மோட்டார் அதில் சுமார் 700 வாட்டைத்தான் சுழற்சியாகத் தரும். சற்று நேரம் ஓடிய மோட்டாரின் மேல் கை வைத்தால் தெரியும் சூடுதான் மீதி. பெல்ட்டில் நூற்றுக்கு ஐந்து போனால் 665 வாட் மிஞ்சும். ஆல்டர்னேட்டர் அதில் ஐந்தில் நான்கு பங்கை மின்சாரமாக்கினால் கையில் கிடைப்பது 532 வாட். 1000 வாட் கேட்கும் மோட்டாருக்கே இது போதாது எனும்போது விளக்குக்கு எங்கே போவது? விலை உயர்ந்த மோட்டாரும் நல்ல பேரிங்கும் போட்டால் இழப்பு குறையுமே தவிர, வாங்கியதைவிட ஒரு வாட்கூட அதிகமாக வராது.

சக்கரம்தான் ஆற்றலைப் பெருக்குகிறது என்று அவர் சொல்லியிருப்பார். 50 கிலோ எடையும் அரை மீட்டர் விட்டமும் உள்ள கெட்டியான இரும்புத் தட்டு நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்போது அதில் ஏறத்தாழ 19,000 ஜூல் ஆற்றல் இருக்கும் (ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல்). அது முழுவதையும் வீணாக்காமல் எடுத்தாலும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை 19 விநாடிதான் சூடாக்க முடியும். அந்த 19,000 ஜூலும், சக்கரம் வேகம் பிடித்தபோது உங்கள் வீட்டு மின்சாரத்திலிருந்து வந்ததே. சக்கரம் ஒரு உண்டியலைப் போன்றது. போட்டதைத்தான் திருப்பித் தரும்.

அப்படியானால் கண்ணெதிரே ஓடியது எப்படி என்று கேட்பீர்கள். 1812-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் தானாகவே சுழலும் எந்திரம் என்று ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். பல்சக்கரங்களின் பற்கள் எந்தப் பக்கம் தேய்ந்திருக்க வேண்டுமோ அதற்கு மறுபக்கம் தேய்ந்திருந்ததைப் பார்த்து அங்கே குட்டு உடைந்தது. அவர் நியூயார்க்குக்குப் போய் மறுபடியும் கடை விரித்தார். நீராவிப் படகால் புகழ்பெற்ற ராபர்ட் ஃபுல்டன் அதைப் பார்க்கப் போனபோது, சுழற்சியின் வேகம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குவதைக் கவனித்து, இது யாரோ கைப்பிடியைச் சுற்றும் ஓட்டம் என்று கண்டுகொண்டார். எந்திரத்தின் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மரப்பட்டிகளைப் பெயர்த்தபோது குடல்நரம்பில் செய்த வார் ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து மாடிக்குப் போனால், முதியவர் ஒருவர் ரொட்டியைக் கடித்தபடி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இன்று அந்த முதியவரின் இடத்தில் பேட்டரி இருக்கலாம், பலகைக்குள் ஓடும் ஒயர் இருக்கலாம். ஆகவே எந்திரத்தை உங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு செங்கற்களின் மேல் வைத்து, 1000 வாட் ஹீட்டர் ஒன்றை மாட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் 230 வோல்ட் காட்டுவதை ஒரு சான்றாக ஏற்காதீர்கள். விளக்கோ ஹீட்டரோ எதுவும் மாட்டாத ஆல்டர்னேட்டரும் அதே எண்ணைக் காட்டும்.

கேள்வி: தானே சுழலும் சக்கரத்தை நம் கணித மேதை பாஸ்கராச்சாரியார் அன்றே எழுதிவைத்திருக்கிறாரே, அது பொய்யா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எழுதியிருப்பது உண்மை. 1150-இல் அவர் இயற்றிய சித்தாந்த சிரோமணியில், உள்ளீடற்ற ஆரங்களில் பாதியளவு பாதரசம் நிரப்பிய சக்கரம் தானே சுழலும் என்று வருகிறது. ஒரு பக்கம் பாதரசம் விளிம்புக்கும் மறுபக்கம் அச்சுக்கும் ஒதுங்குவதால் எடை ஒரே பக்கம் சாயும் என்பது கருத்து. ஆனால் ஒரு முழுச் சுற்று முடியும்போது ஒவ்வொரு துளியும் புறப்பட்ட உயரத்துக்கே திரும்பிவிடுகிறது. இறங்கும்போது தந்தது முழுவதும் ஏறுவதற்கே செலவாகிவிடுகிறது. இதைச் சொல்லத் தேவையான ஆற்றல் என்னும் கருத்து ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலிய அறிவியலாளர்களால் 1840-களில்தான் தெளிவாயிற்று. அதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்தவரை இதற்காகக் குறைசொல்வது நியாயமில்லை. அவர் பெயரைச் சொல்லி இன்று எந்திரம் விற்பவர்களை நம்ப வேண்டியதும் இல்லை.

கேள்வி: காந்தம் பல ஆண்டுகள் வலு குறையாமல் இழுக்கிறதே, அந்த ஆற்றலால் ஒரு சக்கரத்தைச் சுழற்ற முடியாதா? (மாணவர், மதுரை)

பதில்: இழுப்பது வேறு, வேலை செய்வது வேறு. தூண் நூறு ஆண்டு கூரையைத் தாங்கினாலும் அதற்கு எரிபொருள் வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே எதுவும் நகரவில்லை. அப்படித்தான் காந்தமும். சக்கரத்திலுள்ள இரும்புத் துண்டு காந்தத்தை நெருங்கும்போது வேகம் பெறும். தாண்டிப் போகும்போது அதே காந்தம் பின்னால் இழுத்து, கொடுத்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். காந்தங்களை எத்தனை கோணத்தில் வைத்தாலும் ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வரும்போது லாபம் பூஜ்ஜியம்தான். பேரிங்கின் உராய்வைக் கழித்தால் அதற்கும் கீழே. இரண்டு காந்தங்களையும் ஒரு பழைய மின்விசிறியின் பேரிங்கையும் வைத்து நீங்களே செய்து பாருங்கள். சக்கரம் எந்த இடத்தில் தயங்கி ஆடி நிற்கிறது என்பதைக் கவனித்து எழுதுங்கள்.